சங்கு ஊதினாலும் போகக் கூடாது!

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர். சனிக்கிழமை இரவு. அங்கே ஒரு கலியாண விருந்து நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டமும் பாட்டமுமாக இருக்கிறது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் இரண்டு கோப்பை மது குடித்திருக்கிறார். மூன்றாவது கோப்பை கையில் இருக்கிறது. திடீரென்று அவருடைய இடுப்பில் செருகியிருக்கும் சிறு கருவி அலறுகிறது. ஊர்க்கோடியில் ஒரு வீடு தீப்பற்றி எரிகிறது. உள்ளே ஆள் இருக்கலாம்!

நண்பர் அந்த ஊர்த் தீயணைக்கும் படையைச் சேர்ந்தவர். பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். தண்ணீர் வண்டியை ஓட்டுவதில் கெட்டிக்காரர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் ஓட வேண்டாமா?

ஓடக் கூடாது என்கிறது விதி. இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சங்கு ஊதினாலும் சரி, பக்கத்து வீடே எரிந்தாலும் சரி, வண்டியில் ஏறக் கூடாது.

"உயிரைக் காப்பாற்றப் போகிறவனை விதி தடுப்பதா? இது என்ன நியாயம்?" என்று கேட்கத் தோன்றும். அமெரிக்கத் தீயணைக்கும் வீரர்களில் பலரும் நெடுங்காலம் அப்படித்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த கதை சுவையானது. நடுநடுவே கண்ணீரும் உண்டு.

சம்பளம் இல்லாத வீரர்கள்

அமெரிக்காவில் தீயணைக்கும் வீரர்கள் சுமார் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் தொண்டர்கள். ஒருவர் தச்சராக இருப்பார். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருப்பார். இன்னொருவர் மாட்டுப் பண்ணை வைத்திருப்பார். அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். தீ என்று தகவல் வந்தால் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. இடிதாங்கியைக் கண்டுபிடித்தாரே பெஞ்சமின் பிராங்ளின், அவர் 1736-ம் ஆண்டிலேயே பிலடெல்பியா நகரத்தில் தீயணைக்கும் தொண்டர் படை ஒன்றைத் தொடங்கினார். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் படைகள் கிளம்பின.

தொண்டர்கள் பலர் தங்கள் சொந்தக் காரிலேயே நிலையத்துக்கோ, தீப்பிடித்த இடத்துக்கோ விரைகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் அப்படிப் போகிறவர்கள் காரில் நீல விளக்குப் பொருத்திக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. நீல விளக்கைக் கண்டால் மற்றவர்கள் மரியாதைக்காக வழி விடுவார்கள்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு வேலை நேரம் என்று ஒன்று உண்டு. அந்த நேரத்தில் குடிக்காதே என்று சொல்லிவிடலாம். தொண்டருக்கு வேலை நேரம் எது? இரவும் பகலும் அவருக்கு வேலை நேரந்தான்! அப்படியானால் நண்பனின் கலியாணத்தில்கூட அவர் ஒரு கோப்பை தொடக் கூடாதா?

தொடலாம். அதை யாரும் தடுக்கவில்லை. தொட்டால் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், தீயை அணைப்பதும் மது குடிப்பதும் ஒரு காலத்தில் கைகோத்துக்கொண்டு இருந்தன. அந்தக் கூத்தைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டும்.

"பீர் கொண்டுவா!"

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் தீயணைக்கும் இயந்திரம் என்றால் கையால் அடிக்கிற பம்புதான். வண்டியின் இரண்டு பக்கமும் நீண்ட கைப்பிடிகள் இருக்கும். இருபது, இருபத்தைந்து பேர் வரிசையாக நின்று ஏற்றம் இறைப்பதுபோல் ஏற்றி இறக்க வேண்டும். அப்போதுதான் குழாயில் தண்ணீர் பாயும். இடுப்பு ஒடிகிற வேலை. சில நிமிஷங்களில் கை ஓய்ந்துவிடும். வேறு ஆள் வர வேண்டும்.

அத்தனை ஆளுக்கு எங்கே போவது? வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தில் இருந்துதான் ஆள் பிடித்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கூலி ஒரு ஷில்லிங். அதற்குமேல் மணிக்கு ஆறு பென்ஸ். கூலியோடு பீரும் உண்டு! தொண்டை வறண்டால், அடிக்கிற தாளத்துக்கு ஏற்றபடி "பீர், பீர்!" என்று கூட்டம் கூச்சல் போடும். பீர் வரத் தாமதம் ஆனால் கை நின்றுவிடும். கை நின்றால் தண்ணீரும் நின்றுவிடும்! வீட்டுக்காரர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த நாளில் லண்டன் படைக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பிரெய்டுவுட். எடின்பரோ நகரத்தில் பெயர் எடுத்து 1833-ம் ஆண்டு லண்டனுக்கு வந்தவர். கட்டுப்பாடு, பயிற்சி, ஒழுங்கு ஆகியவற்றைத் தீயணைக்கும் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் அவர். இன்றுவரை தீயணைக்கும் வீரர்கள் அவரை மரியாதையோடு நினைக்கிறார்கள்.

1861-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி. தேம்ஸ் நதிக்கரையில் டூலி தெருவை ஒட்டியிருந்த கிடங்குகளில் தீப்பிடித்தது. உள்ளே சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. கொழுப்பு உருகி ஆற்றில் ஓடி, ஆற்றின் மேலேயே எரிந்தது. வெப்பம் தாங்காமல் வீரர்கள் சோர்ந்து போனார்கள். பிரெய்டுவுட் அவர்களிடையே நடந்து சென்று பிராந்தி கொடுத்துத் தெம்பூட்டினார். அந்தச் சமயத்தில் கிடங்குச் சுவர் ஒன்று சரிந்து அவர் மேல் விழுந்தது. அந்த இடத்திலேயே அவர் மாண்டார். லண்டனே திரண்டு வந்து அவருக்கு இறுதி மரியாதை செய்தது.

பிராந்தி கொடுத்ததற்காக அவரை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. மது தெம்பு தரும் மருந்து என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. வெப்பத்தில் வியர்த்து வாடிய உடம்பில் இருக்கிற நீரையும் மது வெளியேற்றிவிடும் என்பது பின்னாளில் நன்றாகத் தெரியவந்த சங்கதி.

குடிக்காத இயந்திரம்

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கூலிக்குப் பதில் போட்டி! முதலில் போய்ச் சேருவது எந்தப் படை என்று போட்டி. யார் பம்பு தண்ணீரை உயரமாகப் பீய்ச்சுகிறது என்று போட்டி. போட்டி முற்றிச் சண்டை ஆகும். வீடு ஒரு பக்கம் எரிய, படைகள் இன்னொரு பக்கம் கல்லெறிந்து கட்டிப் புரளும். மதுவும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா?

ஓகையோ மாநிலத்தில் உள்ள சின்சின்னாட்டி நகர மக்கள் இதைக் கண்டு சலித்துப் போனார்கள். 1853-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைக்கும் படை வந்தது. நீராவி பம்பும் வந்தது. ஆளே இல்லாமல் கொதிகலன் தண்ணீரைப் பீய்ச்சியது. அந்தப் படையின் முதல் தலைவர் மைல்ஸ் கிரீன்வுட். நீராவி இயந்திரத்தின் பெருமை என்ன என்று கேட்டவர்களிடம் அவர் வேடிக்கையாகச் சொன்னார்: அது குடிக்காது, கல்லும் எறியாது. அதனிடம் உள்ள ஒரே குறை, அதற்கு ஓட்டுப் போடத் தெரியாது!

ஆயினும் அந்தக் குடிக்காத இயந்திரத்தையும் மனிதன்தான் ஓட்ட வேண்டியிருந்தது. முதலில் குதிரை இழுத்தது. பிறகு மோட்டார் வந்தது. குடித்துவிட்டுக் கைப்பிடி அடித்த காலத்தில் நஷ்டம் தண்ணீரோடு போயிற்று. மோட்டார் வந்த பிறகு அப்படி இல்லை.

பதினொரு டன் தண்ணீர்

கிராமப்புறத்தில் தெருக் குழாய் கிடையாது. தீயணைக்கத் தண்ணீரையும் கூடவே கொண்டுபோக வேண்டும். 3,000 காலன் கொள்ளும் வண்டி என்றால் தண்ணீர் மட்டும் 11 டன்னுக்குமேல் எடை இருக்கும். வண்டியின் எடை தனி.

தண்ணீர் மூட்டை அல்ல. கிடத்திய இடத்தில் கிடக்காது. வண்டி வளைவில் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாக மோதும். வண்டி நின்ற பிறகும் உள்ளே அலை நிற்காது, முன்னுக்குத் தள்ளும். அதைத் தடுக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அனுபவம் உள்ள டிரைவரே பயந்து பயந்துதான் திருப்ப வேண்டும். பாதையை விட்டு ஒரு சக்கரம் மண்ணில் இறங்கினால், அதை அவசரப்பட்டு மேலே ஏற்றுவது பேராபத்து. வண்டி கவிழ்ந்துவிடும். இப்படிக் கவிழ்ந்து இறந்த வீரர்கள் பலர். அமெரிக்கத் தீயணைக்கும் வீரர்களின் சாவுக்கு மாரடைப்பு முதல் காரணம் என்றால், வண்டி விபத்துக்கள் அடுத்த வரிசையில் நிற்கின்றன. தீயைக் காணாமலே செத்தவர்கள் இதில் உண்டு.

குடித்தவருக்கு என்ன ஆகும்? தள்ளாடுகிற அளவுக்குக் குடிக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு கோப்பையிலேயே, நகரும் பொருளைக் கண் பின்தொடர்வது குறைகிறது. ஒரே சமயத்தில் இரண்டு வேலையைக் கவனிப்பது கஷ்டம் ஆகிறது. தீ வண்டி டிரைவரோ ஒரே சமயத்தில் ஐந்து வேலை பார்க்கிறவர்! பாதையைப் பார்க்க வேண்டும். சங்கை இயக்க வேண்டும். வானொலியில் வரும் தகவலைக் கேட்க வேண்டும். வழிவிடாத கார்களைக் கவனிக்க வேண்டும். தொட்டிக்குள் ஆடும் தண்ணீரையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 16 மீட்டருக்குமேல் ஓடிவிடும். பிரேக்கை மிதிக்கக் கால் அரை விநாடி தாமதித்தால், வண்டி 8 மீட்டர் அதிகமாக ஓடிப் போய்விடும். குறுக்கே ஒரு குழந்தை வந்தால் அந்த 8 மீட்டரில்தான் அதன் உயிர்!

தீ வண்டிக்கு வேகத்தில் சலுகை உண்டு. சிவப்பு விளக்கில் நிற்காமல் போகவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சாலையில் போகும் மற்றவர்களின் பாதுகாப்பைக் கவனித்தே அந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குடித்துவிட்டு ஓட்ட மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

எட்டு மணி நேரம்

சரி, எவ்வளவு குடித்தால் குற்றம்? அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 80 மில்லி கிராம் மதுச்சத்து இருந்தால் குற்றம். யூட்டா மாநிலம் மட்டும் 2018-ம் ஆண்டு முடிவில் இதை 50 ஆகக் குறைத்தது. சரக்கு லாரி, பஸ் முதலிய பெரிய வண்டிகளின் டிரைவர்களுக்கு வரம்பு 40தான். அதுவும் தவிர, வேலைக்கு வருவதற்குமுன் நாலு மணி நேரம் அவர்கள் மதுவைத் தொடக் கூடாது.

தீயணைக்கும் படையினருக்கு வகுத்த விதி இதையெல்லாம்விடக் கடுமையானது. தீயணைக்கும் படைத் தலைவர்களின் சர்வதேசச் சங்கம் ஒரு கொள்கையை வகுத்தது. எட்டு மணி நேரத்துக்குள் மது குடித்திருந்தால், அவரே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். எட்டு மணி நேரம் கழிந்தும் போதை தெளியவில்லை என்றால், அப்போதும் ஒதுங்க வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது என்பது மட்டும் அல்ல. குழாய் பிடிக்கக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது, தெருவில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தவும் கூடாது. பயிற்சிக்கும் வரக் கூடாது! தேசியத் தீத் தடுப்புச் சங்கம் 1987-ம் ஆண்டு முதன்முதலாக வெளியிட்ட வீரர் பாதுகாப்பு விதித் தொகுப்பும் பின்னர் இதே பாதையில் சென்றது. மதுவோ லாகிரி வஸ்துவோ உடலில் வேலை செய்யும்போது எந்த நடவடிக்கையிலும் கலந்துகொள்ளக் கூடாது என்று அது சொல்கிறது.

இவை சர்க்கார் சட்டங்கள் அல்ல. ஒவ்வோர் ஊர்ப் படையும் ஏற்றுக்கொண்டால்தான் அந்த ஊரில் செல்லும்.

எட்டு மணி என்ற கணக்கு எங்கே இருந்து வந்தது? கல்லீரல் நிதானமாக வேலை செய்கிற உறுப்பு. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் இருந்து அது மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் மதுச்சத்தைத்தான் அகற்றும். அதை அவசரப்படுத்த வழி கிடையாது. கறுப்புக் காப்பி குடித்தாலும் சரி, குளிர்ந்த தண்ணீரில் தலையை முக்கினாலும் சரி, அது தன் வேகத்தில்தான் போகும். காப்பி குடித்தால் விழித்துக்கொண்டு இருக்கிற குடிகாரன் கிடைப்பான், அவ்வளவுதான்! 80 மில்லி கிராம் ஏறியவருக்கு அது முழுதும் இறங்க ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆகும். நள்ளிரவுவரை நிறையக் குடித்தவர், காலையில் பல் தேய்த்துப் பலகாரம் சாப்பிட்ட பிறகும் குற்றவாளியாகவே இருக்கலாம்.

விதி நிலையத்துக்குள்ளும் நுழைந்தது. பல ஊர்களில் தொண்டர் நிலையத்தை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கும். அங்கேயே மதுக்கடை வைத்து, அந்த வருமானத்தில் வண்டி வாங்கிய ஊர்களும் உண்டு. ஒரு சுவர், அந்தப் பக்கம் பீர், இந்தப் பக்கம் தீ வண்டி! இந்த ஏற்பாட்டை ஒழிக்கச் சொன்னபோது பலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் போகவில்லை. படைக்குப் பணம் வேண்டுமே! பல ஊர்கள் நடுவழி கண்டுபிடித்தன. ஆண்டு விருந்து நடக்கும் இரவில் பக்கத்து ஊர்ப் படை வந்து நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும். அவர்கள் விருந்துக்கு இவர்கள் போவார்கள்.

வேலை இல்லாத நேரத்தில் குடித்துவிட்டுச் சொந்தக் காரை ஓட்டி அகப்பட்டால்? அதுவும் படையின் விவகாரந்தான். பல படைகளில் கைதான செய்தியையும் லைசென்சு பறிபோன செய்தியையும் உடனே தலைவரிடம் தெரிவிக்க வேண்டும். லைசென்சு திரும்பி வரும்வரை தீ வண்டியின் சாவியைத் தொட முடியாது.

கதவைப் பூட்டிச் சோதனை

விதி போட்டாயிற்று. மீறுகிறவரைக் கண்டுபிடிப்பது எப்படி? இதில்தான் பெரிய வழக்குகள் எழுந்தன.

1987-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற இடத்தில், சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு ரெயில் என்ஜின்கள் மேல் பயணிகள் ரெயில் மோதியது. 16 பேர் மாண்டார்கள். சரக்கு என்ஜினை ஓட்டிவந்தவர்கள் கஞ்சா புகைத்திருந்தது பிறகு தெரிந்தது. நாடே கொதித்தது. 1991-ம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. பெரிய வண்டி டிரைவர்கள் உள்படப் போக்குவரத்துத் தொழிலாளர் பலரை முன்னறிவிப்பு இல்லாமல் அழைத்துச் சோதிக்கலாம் என்றது அந்தச் சட்டம்.

ஆனால் ஒரு வேடிக்கை. பெரிய வண்டிக்கு உரிய தனி லைசென்சில் இருந்து தீ வண்டி டிரைவர்களுக்கு விலக்குக் கொடுக்க மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. அந்த லைசென்சு தேவை இல்லை என்றால், அதை ஒட்டி வரும் சோதனையும் இல்லை. ஆகவே முட்டைக்கோசு ஏற்றிப் போகும் லாரி டிரைவருக்குச் சோதனை உண்டு; சங்கு ஊதிக்கொண்டு பறக்கும் தீ வண்டி டிரைவருக்குப் பல மாநிலங்களில் அது இல்லை!

"அப்படியானால் நாமே சோதித்துவிடலாம்" என்று சில நகரங்கள் துணிந்தன. 1986-ம் ஆண்டு மே 26-ந் தேதி. நியூஜெர்சி மாநிலம், பிளெயின்பீல்டு நகரம். காலை 7 மணிக்கு மேலதிகாரிகள் தீயணைக்கும் நிலையத்துக்குள் நுழைந்தார்கள். கதவுகளைப் பூட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த வீரர்களை எழுப்பினார்கள். பக்கத்தில் ஆள் நின்று பார்க்க, ஒவ்வொருவரும் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு! முன்கூட்டி ஒரு சொல் இல்லை. எழுத்தில் விதியும் இல்லை. 16 பேர் வேலையை இழந்தார்கள்.

வீரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி சரோகின் அதே ஆண்டில் தீர்ப்புக் கூறினார். ஒருவர்மீதும் தனியாகச் சந்தேகம் இல்லாதபோது எல்லாரையும் பூட்டி வைத்துச் சோதித்தது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றார். 2004-ம் ஆண்டு அரிசோனா மாநில உச்ச நீதிமன்றமும் மெசா என்ற நகரத்து வழக்கில் ஏறக்குறைய இதையே சொல்லியது. வாயில் நெடி, பேச்சில் தடுமாற்றம், விபத்து என்று ஏதாவது காரணம் இருந்தால் சோதிக்கலாம். காரணமே இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு வீரர்களைச் சோதிக்கக் கூடாது என்பது அந்த நீதிமன்றங்களின் கருத்து.

இது குற்றவாளிகளுக்குச் சாதகமான தீர்ப்பு என்று அப்போது சிலர் கோபித்தார்கள். யோசித்துப் பார்த்தால், குடிக்காத வீரனின் மானத்தையும் யாராவது காக்க வேண்டும் அல்லவா?

பாஸ்டன் நகரம் வேறு வழியில் போயிற்று. அது துயரத்தில் தொடங்கிய வழி. 2007-ம் ஆண்டு ஓர் உணவு விடுதித் தீயில் இரண்டு வீரர்கள் மாண்டார்கள். ஊரே அழுதது. சில வாரங்களில், பிரேதப் பரிசோதனையில் மதுவும் லாகிரி வஸ்துவும் தெரியவந்ததாகச் செய்தி கசிந்தது. வீர மரணம் என்று போற்றிய வாய்கள் வேறு பேச்சுப் பேசத் தொடங்கின. துக்கத்தில் இருந்த குடும்பங்களுக்கு அது இரண்டாவது அடி. நகர சபையும் வீரர்களின் சங்கமும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. கடைசியில் 2010-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு இல்லாத சோதனைக்குச் சங்கம் இணங்கியது. சம்பள உயர்வும் அதோடு சேர்ந்து வந்தது. "குடிக்காமல் இருக்கவா சம்பள உயர்வு?" என்று பத்திரிகைகள் கேலி செய்தன. இருந்தாலும் பூட்டிய கதவு செய்யாததை, மேஜைப் பேச்சு செய்துவிட்டது.

மாத்திரையும் தூக்கமும்

மது கண்ணுக்குத் தெரிகிற எதிரி. தெரியாத எதிரிகளும் உண்டு. ஜலதோஷத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவரும். முதுகுப் பிடிப்புக்குக் கொடுக்கும் சில வலி மருந்துகள் அபின் இனத்தைச் சேர்ந்தவை. தீயணைக்கும் தொழிலில் முதுகுப் பிடிப்பு இல்லாத ஆளைத் தேட வேண்டும்! ஆகவே, "இதைச் சாப்பிட்டால் வண்டி ஓட்டாதீர்கள்" என்று சீட்டு ஒட்டிய எந்த மருந்தைச் சாப்பிட்டாலும் அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்று பல படைகளில் விதி இருக்கிறது.

கஞ்சா விஷயம் இன்னும் சிக்கல். 2012-ம் ஆண்டு கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரண்டு மாநில மக்கள் ஓட்டுப் போட்டுக் கஞ்சாவை அனுமதித்தார்கள். பிறகு பல மாநிலங்கள் அந்த வழியில் போயின. மதுவை ஊதிப் பார்த்து அளந்துவிடலாம். கஞ்சாவை அப்படி அளக்க முடியாது. போதை சில மணி நேரத்தில் போய்விடும். ஆனால் அடிக்கடி புகைப்பவரின் சிறுநீரில் அதன் அடையாளம் வாரக்கணக்கில் இருக்கும். போன வாரம் புகைத்தவரா, போன மணியில் புகைத்தவரா என்று சோதனைக்குத் தெரியாது. இதற்கு விதி எழுத முடியாமல் பல படைத் தலைவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

தூக்கத்துக்கு எந்தச் சோதனையும் இல்லை. 1997-ம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 50 மில்லி கிராம் மது உள்ளவரைப் போலத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் விழித்தால் 100 மில்லி கிராம் ஏறியவரைப்போல் ஆகிவிடும். சம்பளத்துக்கு வேலை செய்யும் அமெரிக்க வீரர் பலருக்கு ஒரு முறை வேலை என்றால் 24 மணி நேரம்! நிலையத்தில் கட்டில் உண்டு என்பது உண்மை. அதில் தூங்க விடுகிறதா தீ?

ஏன் குடிக்கிறார்கள்?

இதைக் கேட்காமல் விதியை மட்டும் எழுதினால் பாதி வேலைதான் ஆகும். எரிந்த வீட்டில் இருந்து குழந்தையைத் தூக்கி வருகிறவர் அவர். சில சமயம் அது உயிரோடு இருக்காது. நசுங்கிய காரில் இருந்து உடலை எடுக்கிறவரும் அவர்தான். சிறிய ஊரில், அந்த உடல் அவருக்குத் தெரிந்தவருடையதாகவே இருக்கும். இரவு வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்ல மனம் வராது. சொல்லாமல் தூங்கவும் முடியாது. புட்டி திறக்கிறது.

இதை உணர்ந்து, தீயணைக்கும் வீரர்களின் சர்வதேசச் சங்கம் 2017-ம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் ஒரு சிகிச்சை நிலையம் திறந்தது. குடிப்பழக்கத்தில் விழுந்தவர்களும் கண்ட காட்சிகளால் மனம் உடைந்தவர்களும் அங்கே போய்த் தங்குகிறார்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரும் தீயணைக்கும் வீரர்தான் என்பதால் பேச வாய் வருகிறது. தொண்டர்களுக்கு உதவ அவர்களுடைய தேசிய மன்றமும் ஏற்பாடு செய்திருக்கிறது. அகப்படுவதற்கு முன்பு தானாக வந்து உதவி கேட்கிறவரை வேலையை விட்டு நீக்காமல் சிகிச்சைக்கு அனுப்பவும் பல படைகள் விதி செய்திருக்கின்றன. அகப்பட்ட பிறகு கேட்டால் அந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம்.

மறுபடியும் கலியாண வீடு

இனி, கையில் கோப்பையோடு நின்ற நண்பரைப் பார்ப்போம்.

அவருக்கு உள்ள கஷ்டம் தீ அல்ல; கூச்சம். "குடித்திருக்கிறேன், வரமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே! நல்ல படைகளில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வராதவரை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஆள் குறைந்தால் பக்கத்து ஊர்ப் படையை உடனே அழைத்துவிடுவார்கள். வண்டியில் ஏறுகிறவரிடம் நெடி அடித்தால், பக்கத்தில் நிற்பவர் சாவியைக் கேட்டு வாங்கலாம். நேற்றுச் சேர்ந்த பையனாக இருந்தாலும் கேட்கலாம்.

நண்பர் கருவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்காருகிறார். சற்று நேரத்தில் தண்ணீர் வண்டி மண்டபத்தைத் தாண்டிப் போகிறது. ஓட்டுவது யார் என்று, கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும். வளைவில் அந்த ஆள் வேகத்தைக் குறைக்கிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். குறைக்கிறான்.

தீ அணைந்த பிறகு கரி படிந்த குழாய்களை எல்லாம் கழுவிக் காயப்போட வேண்டும். அது காலையில் நடக்கிற வேலை. மூன்றாவது கோப்பையை இப்போதே மேஜையில் வைத்துவிட்டால், அதற்குள் எட்டு மணி நேரம் கழிந்திருக்கும். அதற்கு அவர் போகலாம்.